டோக்கியோவில் எனக்கொரு முகவரி

டோக்கியோவுக்கு நான் போனதில்லை. போகிற யோகமும் இதுவரை தெரியவில்லை. ஆனால் 2018 டிசம்பரிலிருந்து அந்த நகரத்தில் எனக்கு ஒரு முகவரி இருக்கிறது. ஏழு இலக்க அஞ்சல் எண்கூட உண்டு. அது ஒரு பெரிய ஹோட்டலுடையது என்பது வேறு விஷயம்.

எல்லாவற்றுக்கும் காரணம், தில்லியில் எங்கள் வீட்டு டி.வி.க்குக் கீழே உட்கார்ந்திருக்கும் வீடியோ கேம் கன்சோல். அப்போது என் மகனுக்குப் பத்து வயது. மண்ணை வெட்டி, மரத்தை வெட்டி, கட்டை கட்டையாக அடுக்கி ஊர் கட்டும் 'டிராகன் குவெஸ்ட் பில்டர்ஸ் 2' என்ற ஜப்பானிய விளையாட்டின் மேல் அவனுக்கு ஒரே பித்து. ஜப்பானில் அது 2018 டிசம்பரில் கடைக்கு வந்தது. அதற்குச் சில நாள் முன்பே இலவச டெமோ ஒன்றும் வெளியானது. ஆங்கிலப் பதிப்பு மற்ற நாடுகளுக்கு வந்து சேர்ந்ததோ 2019 ஜூலையில். இடையில் ஏழு மாதம். பத்து வயதுப் பையனுக்கு ஏழு மாதம் என்பது ஒரு யுகம்.

கன்சோல் பக்கமே போகாத வாசகர்களுக்கு ஒரு விளக்கம். அல்வாக் கடையில், வாங்குவதற்கு முன் ஒரு துண்டைக் கிள்ளி இலையில் வைத்துத் தருவார்களே, அதுதான் டெமோ. ருசித்துப் பார், பிடித்தால் வாங்கு. காசு கிடையாது. ஆனால் துண்டைக் கையில் கொடுக்கும் முன் கடைக்காரர், "சாருக்கு எந்த ஊர்?" என்று விசாரித்துவிட்டு, "அடடா, உங்க ஊர்க்காரங்களுக்குக் கிடையாதே" என்று இலையைத் திரும்ப வாங்கிக்கொண்டால் எப்படி இருக்கும்? கன்சோலின் ஆன்லைன் கடையில் நடப்பது ஏறக்குறைய இதுதான். கணக்கு தொடங்கும்போதே எந்த நாடு என்று கேட்டுவிடுவார்கள். இந்தியா என்றால் இந்தியக் கடை திறக்கும். ஜப்பான் என்றால் ஜப்பானியக் கடை. இந்தியக் கடையில் மகன் கேட்ட டெமோ இல்லை.

வழி ஒன்றும் பரம ரகசியமல்ல. மகனின் வகுப்பில் பாதிப் பையன்களுக்கு அது தெரிந்திருந்தது. ஜப்பான் என்று நாட்டைக் குறித்து இன்னொரு கணக்கைத் தொடங்க வேண்டும். அதில் டெமோவை இறக்கிவிட்டால், அதே கன்சோலில் பழைய கணக்கிலிருந்தும் விளையாடலாம். சரி என்று உட்கார்ந்தேன். படிவம் முழுக்க ஜப்பானிய எழுத்து. எந்தக் கட்டத்தில் பெயர், எந்தக் கட்டத்தில் ஊர் என்று குத்துமதிப்பாக நிரப்பினேன். முகவரிக்கு அந்த ஹோட்டல் கைகொடுத்தது.

பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்த மகன் கேட்டான்: "அப்பா, நாம பொய் சொல்றோமா?"

"ஆமாம்டா" என்றேன். வேறென்ன சொல்வது? மொழிபெயர்ப்பாளனுக்கு, இன்னொருவர் சொன்னதைக் கூட்டாமல் குறைக்காமல் சொல்வதுதான் பிழைப்பு. மகனைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு நான் தட்டிய முதல் பொய், எனக்கே புரியாத மொழியில் இருந்தது.

இந்தப் பூட்டுகள் எங்கிருந்து வந்தன என்று பிறகு தேடிப் படித்தேன். படித்தபோது, சின்ன வயதிலேயே நான் ஒரு பூட்டைத் தாண்டியிருக்கிறேன் என்பது தெரிந்தது.

1990-களில் மதுரையில் பள்ளியில் படித்துக்கொண்டிருந்தபோது எங்கள் தெருவில் ஒரு வீட்டில் 'டி.வி. கேம்' இருந்தது. கார்ட்ரிட்ஜின் மேல் ஆயிரக்கணக்கான விளையாட்டுகள் என்று அச்சடித்திருக்கும். எண்ணிப் பார்த்தால் இருபது தேறாது. மற்றதெல்லாம் அதே விளையாட்டு வேறு பெயரில். ஓடாவிட்டால் கார்ட்ரிட்ஜின் வாயில் ஊதி ஊதிச் செருகுவோம். அந்தப் பெட்டி எந்த நாட்டுச் சரக்கு என்று யாரும் கேட்கவில்லை.

அவை நிண்டெண்டோ நிறுவனம் 1983 ஜூலையில் ஜப்பானில் வெளியிட்ட 'ஃபேமிகாம்' கன்சோலின் நகல்கள். ஃபேமிகாம் கார்ட்ரிட்ஜில் 60 பின்கள். அதே கன்சோலை 1985-ல் வேறு உருவத்தில் அமெரிக்காவுக்குக் கொண்டுபோனபோது நிண்டெண்டோ அதை 72 பின்களாக்கியது. கூடவே கன்சோலுக்குள் ஒரு சிப், கார்ட்ரிட்ஜுக்குள் அதற்கு ஜோடியாக இன்னொரு சிப். ஒன்றை ஒன்று அடையாளம் கண்டுகொண்டால்தான் விளையாட்டு ஓடும். அனுமதியில்லாத கார்ட்ரிட்ஜ்களைத் தடுக்க வந்த ஏற்பாடு இது. பகுதிக்கு ஒரு வகைச் சிப் என்று ஆனபோது இதுவே எல்லைச் சாவடியாகவும் ஆகிவிட்டது. ஜப்பானின் ஃபேமிகாமில் இந்தச் சிப் கிடையாது. அதைப் பார்த்து அடித்த நகல்களிலும் கிடையாது. ஆக, மதுரையில் உட்கார்ந்துகொண்டு நாங்கள் தெரியாமலே 60 பின் ஜப்பானில் குடியிருந்திருக்கிறோம். போலிக்கு எல்லை இருக்கவில்லை. அசலுக்குத்தான் பாஸ்போர்ட் தேவைப்பட்டது.

அடுத்து வந்த 'சூப்பர் ஃபேமிகாம்' (1990) கன்சோலின் அமெரிக்கப் பதிப்பில் பூட்டு இன்னும் எளிமையானது. கார்ட்ரிட்ஜ் செருகும் துவாரத்துக்குள் இரண்டு பிளாஸ்டிக் முனைகள் நீட்டிக்கொண்டிருக்கும். அமெரிக்கக் கார்ட்ரிட்ஜில் அவற்றுக்கு இடம் விட்டிருப்பார்கள். ஜப்பானியக் கார்ட்ரிட்ஜில் அந்த இடம் இருக்காது. அமெரிக்க ரசிகர்கள் ஒரு குறட்டை எடுத்து அந்த இரண்டு முனைகளையும் முறித்துப் போட்டார்கள். அவ்வளவுதான், ஜப்பான் உள்ளே வந்துவிட்டது.

பிரிவினைக்கு ஒரு தொழில்நுட்ப நியாயமும் இருந்தது. ஜப்பானிலும் அமெரிக்காவிலும் டி.வி. முறை என்.டி.எஸ்.சி.; நொடிக்கு 60 முறை திரை புதுப்பிக்கப்படும். இந்தியாவிலும் ஐரோப்பாவின் பெரும்பகுதியிலும் 'பால்'. குடிக்கிற பால் அல்ல, 50 முறை புதுப்பிக்கும் டி.வி. முறை. ஒன்றுக்காகச் செய்த விளையாட்டை மற்றதில் அப்படியே ஓட்டினால் வேகம் மாறிவிடும். 1991-ல் வந்த 'சோனிக்' என்ற நீல முள்ளெலியின் பெருமையே அதன் ஓட்டம்தான். ஐரோப்பிய டி.வி.களில் அது ஆறில் ஒரு பங்கு வேகம் குறைந்து ஓடியது. பாவம், அங்கே குழந்தைகள் அதைத்தான் வேகம் என்று நினைத்தார்கள்.

டி.வி.டி. வந்தபோது உலகத்தையே ஆறு துண்டாக வெட்டி எண் போட்டார்கள். அமெரிக்கா 1. ஜப்பானும் மேற்கு ஐரோப்பாவும் 2. நாம் 5. பிறகு எச்.டி. டி.வி.கள் வந்து பழைய டி.வி. முறைகளின் சண்டையைத் தீர்த்துவைத்தன. 2006-ல் வெளியான பிளேஸ்டேஷன் 3-ல், விரல்விட்டு எண்ணக்கூடிய விதிவிலக்குகளைத் தவிர, எந்த நாட்டு விளையாட்டு டிஸ்க்கும் ஓடியது. பூட்டு ஒழிந்தது என்றுதான் நினைக்கத் தோன்றும். ஒழியவில்லை. டிஸ்க்கிலிருந்து கடைக்கு இடம் மாறியிருந்தது. இன்டர்நெட் வழியாக இறக்கும் சரக்குக்குக் கணக்கின் நாடே எல்லை. கண்ணுக்குத் தெரிகிற பிளாஸ்டிக் முனையாக இருந்தால் குறடு போதும். இதற்குப் பொய் தேவைப்பட்டது.

எல்லாமே கம்பெனிகளின் வில்லத்தனம் என்று எழுத எனக்கும் ஆசைதான். ஆனால் நியாயம் அப்படியில்லை. எந்த விளையாட்டு எந்த வயதுக்கு என்று சொல்ல அமெரிக்காவில் 1994-லிருந்தும், ஜப்பானில் 2002-லிருந்தும், ஐரோப்பாவில் 2003-லிருந்தும் தனித்தனி அமைப்புகள் இருக்கின்றன. ஓர் ஊரின் அளவுகோல் இன்னோர் ஊரில் செல்லாது. உரிமைகளும் அப்படித்தான். 'டீமன்ஸ் சோல்ஸ்' என்ற விளையாட்டை 2009-ல் ஜப்பானில் வெளியிட்டது சோனி. அதே ஆண்டு அமெரிக்காவில் வெளியிட்டது அட்லஸ். 2010-ல் ஐரோப்பாவுக்குக் கொண்டுவந்தது நாம்கோ பண்டாய். ஒரே விளையாட்டுக்கு மூன்று முதலாளிகள். ஒருவருடைய டெமோவை இன்னொருவரின் எல்லைக்குள் எப்படிக் கொடுப்பது? புத்தகத்திலும் இதே கதைதான். ஒரு நாவலின் தமிழ் உரிமை ஒருவரிடமும் இந்தி உரிமை வேறொருவரிடமும் இருப்பதைத் தொழிலில் நான் பார்க்காத நாளில்லை.

அந்த 'டீமன்ஸ் சோல்ஸ்' விஷயத்தில் இன்னொரு வேடிக்கை. ஆசியச் சந்தைக்கென்று வந்த பதிப்பில் ஆங்கிலம் இருந்தது. டிஸ்க்குக்குத்தான் பூட்டு இல்லையே! அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் இருந்த ரசிகர்கள் தங்கள் ஊர்ப் பதிப்புக்காகக் காத்திராமல் ஆசியப் பதிப்பைத் தபாலில் வரவழைத்துக்கொண்டார்கள். எழுத்து மட்டும் புரிந்துவிட்டால் எல்லையை யாரும் பொருட்படுத்துவதில்லை.

எல்லையைப் பொருட்படுத்தாமல் நான் ஒருமுறை கையைச் சுட்டுக்கொண்டதும் உண்டு. இந்தியக் கணக்கில் பணம் போட ஒரு ப்ரீபெய்டு கார்டு வாங்கினேன். கடைக்காரர் "சப் சலேகா, ஸார்" என்றார். எல்லாம் செல்லும் என்று அர்த்தம். வீட்டுக்கு வந்து எண்ணைத் தட்டினால் செல்லவில்லை. அது வேறொரு நாட்டுக் கணக்குக்கான கார்டு. அட்டையிலேயே நாட்டின் பெயர் அச்சிட்டிருந்தது. படிக்காதது என் தப்பு. நாலு மொழி படிக்கிறவர் கார்டைப் படிக்கவில்லையாக்கும் என்று என் மனைவி ஒரு வாரம் கேட்டுக்கொண்டிருந்தார்.

டெமோவுக்குத் திரும்புவோம். கணக்கு தயார். ஜப்பானியக் கடை திறந்தது. டெமோவுக்கு ஜப்பானியர்கள் 'டைக்கென்பன்' என்கிறார்கள். 'டைக்கென்' என்றால் அனுபவம், 'பன்' என்றால் பதிப்பு. அனுபவப் பதிப்பு! ஆங்கிலச் சொல் செய்து காட்டுவதைப் பற்றிப் பேசுகிறது. ஜப்பானியச் சொல் நம்மையே செய்துபார்க்கச் சொல்கிறது. தொழில் புத்தி, அதை ரசித்துக்கொண்டிருந்தேன். மகன் அவசரப்பட்டான்.

விளையாட்டு ஓடத் தொடங்கியது. முதல் திரையையே தாண்ட முடியவில்லை. அவன் அமுக்க அமுக்க, படம் முந்தைய பக்கத்துக்கே போய்க்கொண்டிருந்தது. கன்ட்ரோலர் கெட்டுவிட்டதோ என்று பயந்துபோனோம். கெடவில்லை. எங்களுக்குத்தான் விஷயம் தெரியவில்லை. பெருக்கல் குறி போட்ட பட்டனை அமுக்கினால் 'சரி', வட்டத்தை அமுக்கினால் 'வேண்டாம்' என்பது மேற்கத்திய வழக்கம். இந்தியாவுக்கு வந்ததும் அதுதான். ஜப்பானில் தலைகீழ். பிளேஸ்டேஷன் கன்ட்ரோலரை வடிவமைத்த தெய்யூ கோட்டோ, வட்டத்தை 'ஆம்' என்றும் பெருக்கலை 'இல்லை' என்றும் நினைத்துத்தான் அந்தக் குறிகளை வைத்தார். ஜப்பானியப் பள்ளிகளில் சரியான விடைக்கு ஆசிரியர் போடுவது வட்டம். நம் ஊரில் வட்டம் போட்டால் முட்டை! வாங்கியவன் வீட்டில் உதை வாங்குவான். 2020-ல் வந்த பிளேஸ்டேஷன் 5-ல் ஜப்பானியர்களையும் பெருக்கல் குறிக்கு மாற்றிவிட்டார்கள். எத்தனை பேர் எத்தனை நாள் 'சரி' என்று நினைத்து 'வேண்டாம்' அமுக்கினார்களோ.

பட்டன் புரிந்தது. எழுத்து புரியவில்லை. இங்கேதான் நிஜமான பூட்டு. நாட்டுப் பூட்டைத் திறக்க ஒரு பொய் முகவரி போதுமாக இருந்தது. மொழிப் பூட்டில் அந்த வேலை பலிக்கவில்லை. போன் கேமராவைத் திரைக்கு நேராகக் காட்டினால் மொழிபெயர்க்கும் வசதி அப்போதே வந்திருந்தது. காட்டினோம். ஒரு கிழவர் ஏதோ கெஞ்சிக் கேட்கும் காட்சியில் "வயலை மன்னிக்கவும்" என்கிற பாணியில் ஏதேதோ சொன்னது. கோபம் வரவில்லை. சக தொழிலாளி!

கடைசியில் பழைய முறைக்கே வந்தோம். ஜப்பானிய எழுத்து மூன்று வகை. ஹிரகானா, கத்தகானா இரண்டும் ஒலியெழுத்துகள். அடிப்படை எழுத்துகள் ஒவ்வொன்றிலும் 46. மூன்றாவது, சீனாவிலிருந்து வந்த சொல்லெழுத்து. அதற்குப் பெயர் கஞ்சி. பெயரைக் கேட்டு மகன் சிரித்த சிரிப்பில் மனைவி சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்தார். கஞ்சி நமக்கு ஆகாது என்று ஒதுக்கிவிட்டு, ஒலியெழுத்து அட்டவணையையும் அகராதியையும் வைத்துக்கொண்டு மெனுவில் வரும் சொற்களை நான் ஒரு நோட்டில் எழுத ஆரம்பித்தேன்.

வேண்டுமென்று செய்யவில்லை. கைப்பழக்கம். எனக்குக் குறிப்பெழுதத் தமிழ்தான் வரும். 'ஹை' என்றால் ஆம். 'ஈயே' என்றால் இல்லை. 'ஹஜிமெரு', தொடங்கு. 'மொதொரு', திரும்பு. 'ட்சுக்குரு', செய், கட்டு. இரண்டு பக்கம் நிரம்பியது.

மகனுக்கு அந்த நோட்டைப் படிக்கத் தெரியாது.

இதை எழுதுவதற்கே எனக்குக் கூச்சமாக இருக்கிறது. நான் தமிழ் எம்.ஏ. அவன் தில்லியில் பிறந்தவன். அவன் பள்ளியில் தமிழ் கிடையாது. வீட்டில் பேசுவான், எழுத்து தெரியாது. ஆறு வயதிலிருந்து மூன்று முறை தொடங்கினேன். ஞாயிற்றுக்கிழமை காலை, சிலேட்டு, அ, ஆ. மூன்று முறையும் 'ஊ'வைத் தாண்டவில்லை. "இதைப் படிச்சு என்ன பண்றது?" என்று ஒருமுறை கேட்டான். அதற்கு என்னிடம் இருந்த பதில்கள் எல்லாம் மேடையில் சொல்லத் தகுந்தவை. பையனிடம் எடுபடவில்லை.

இப்போது அவன் வேறு மாதிரி கேட்டான்: "இந்த எழுத்து என்னப்பா? சீக்கிரம் சொல்லு."

அந்த டிசம்பர் விடுமுறையில் அவன் இரண்டு எழுத்து முறைகளை ஒரே சமயத்தில் படித்தான். திரையில் கத்தகானா, நோட்டில் தமிழ். கத்தகானாவில்தான் ஜப்பானியர்கள் பிற மொழிச் சொற்களை எழுதுகிறார்கள். கட்டிலுக்கு 'பெத்தோ', சாமானுக்கு 'ஐதெமு', சேமிப்பதற்கு 'சேபு'. உற்றுக் கேட்டால் எல்லாம் ஆங்கிலம். மெய்யெழுத்தில் நிற்க விடாமல் கடைசியில் ஓர் உயிரைச் சேர்த்துவிடுகிறார்கள். "நம்ம பாட்டி 'பெட்டு', 'லைட்டு'ன்னு சொல்ற மாதிரி" என்றான். நான் வகுப்பில் படித்ததை அவன் டி.வி. முன்னால் கண்டுபிடித்துவிட்டான். வேற்றுமொழிச் சொல்லை நம் எழுத்துக்கு ஏற்ப மாற்றிக்கொள்ளத் தொல்காப்பியமே இடம் கொடுத்திருக்கிறது என்று சொல்ல வாயெடுத்தேன். நல்ல வேளை, சொல்லவில்லை.

ஆனால் இலக்கணம் தானாகவே வந்து சேர்ந்தது. 'ட்சுகுரு' என்று முதலில் எழுதியிருந்தேன். அவன் அதை மெலிந்த ககரமாகப் படித்தான். திரையில் இருந்ததோ வன்மையான ககரம். "உங்க எழுத்து தப்பு, ரெண்டுக்கும் ஒரே எழுத்தா?" என்று சண்டைக்கு வந்தான். தமிழில் சொல்லின் நடுவே தனியாக நின்றால் க மெலியும், இரட்டித்தால் வலுக்கும். 'பகல்' சொல்லிப் பார், 'பக்கம்' சொல்லிப் பார் என்றேன். சொல்லிப் பார்த்தான். பிறகு நோட்டை வாங்கி, 'ட்சுகுரு'வுக்கு நடுவில் அவனே ஒரு 'க்' சேர்த்தான். என் மகன் எழுதிய முதல் தமிழ் எழுத்து அது. புள்ளியை எழுத்துக்குப் பக்கத்தில் வைத்திருந்தான்.

நாட்டின் பெயரால் ஒரு பையனுக்கு இலவசத் துண்டை மறுப்பது சரியில்லை என்றுதான் இப்போதும் நினைக்கிறேன். ஆனாலும் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். கதவுக்குப் பின்னால் தனக்குப் பிடித்தது ஏதோ இருக்கிறது என்று தெரிந்தால்தான் மனிதன் சாவி தேடுகிறான். தமிழை நான் அவனுக்குச் சாவிக்கொத்தாகக் கொடுத்தேன். எந்தக் கதவு என்று காட்டவில்லை. வெறும் சாவியை எத்தனை நாள் கையில் வைத்திருப்பான்?

மொழிப் பூட்டைக் கூலியில்லாமல் உடைத்துக் கொடுத்தவர்களும் இந்த உலகத்தில் இருக்கிறார்கள். 'மதர் 3' என்ற விளையாட்டு 2006-ல் ஜப்பானில் மட்டும் வெளியானது. ஆங்கிலத்தில் வரும் என்று ரசிகர்கள் காத்திருந்தார்கள். வரவில்லை. கிளைட் மாண்டலின் என்ற தொழில்முறை மொழிபெயர்ப்பாளரின் தலைமையில் ஒரு குழு அதை முழுதாக மொழிபெயர்த்து 2008 அக்டோபரில் இலவசமாகக் கொடுத்தது. கம்பெனி கேட்கவில்லை, காசும் இல்லை. பக்கத்துக்கு இத்தனை ரூபாய் என்று கணக்குப் போடும் நான் இந்த விஷயத்தைப் படித்துவிட்டுச் சற்று நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன்.

மகனின் டெமோவுக்கு மூதாதையான முதல் 'டிராகன் குவெஸ்ட்' 1986-ல் வந்தது. அந்தக் கார்ட்ரிட்ஜின் மொத்தக் கொள்ளளவு 64 கிலோபைட். இடம் போதாமல் கத்தகானாவில் 20 எழுத்துகளை மட்டும் வைத்துக்கொண்டு, அவற்றால் எழுத முடிகிற பெயர்களாகப் பார்த்துப் பேய்களுக்கும் ஊர்களுக்கும் சூட்டினார்கள். எழுத்துப் பஞ்சத்தில் எழுதிய கதை. 247 எழுத்தை வைத்துக்கொண்டு நாம் ஒரு பையனைப் பயமுறுத்துகிறோம்.

இன்னொரு பூட்டைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். அதற்குச் சாவியே கிடையாது. 2014 ஆகஸ்ட் 12-ம் தேதி பிளேஸ்டேஷன் 4 கடையில் 'பி.டி.' என்ற இலவசத் திகில் டெமோ வந்தது. யார் பெற்ற பிள்ளை என்று தெரியாதபடி ஒரு பொய்யான கம்பெனிப் பெயரில் வெளியிட்டிருந்தார்கள். ஒரே தாழ்வாரத்தில் திரும்பத் திரும்ப நடக்க வேண்டும். கடைசிப் புதிரை அவிழ்த்தவர்களுக்கே உண்மை தெரிந்தது. ஹிடியோ கொஜிமாவும் சினிமா இயக்குநர் கில்லெர்மோ டெல் டோரோவும் சேர்ந்து செய்யவிருந்த 'சைலண்ட் ஹில்ஸ்' என்ற பெரிய விளையாட்டின் முன்னோட்டம் அது. 2015 ஏப்ரலில் அந்த விளையாட்டு கைவிடப்பட்டது. அந்த மாதம் 29-ம் தேதி டெமோவையும் கடையிலிருந்து எடுத்துவிட்டார்கள். முன்பே இறக்கியவர்கள்கூட, தவறி அழித்துவிட்டால் மறுபடி இறக்க முடியாது. கட்டாத வீட்டுக்குத் திண்ணை மட்டும் மிஞ்சியது. அந்தத் திண்ணையும் சிலருடைய பழைய கன்சோல்களுக்குள் மட்டும் இருக்கிறது.

கடைகளே மூடப்படுவதும் உண்டு. நிண்டெண்டோவின் 'வீ' கன்சோலுக்கான கடை 2019 ஜனவரி 30-ல் மூடியது. '3டி.எஸ்.', 'வீ யு' கடைகள் 2023 மார்ச் 27-ல். உ.வே. சாமிநாதையர் சுவடி தேடி ஊர் ஊராக அலைந்தது தமிழ் படித்தவர்களுக்குத் தெரியும். ஒரு வீட்டுச் சுவடியைக் கரையான் தின்றுவிட்டாலும் இன்னொரு வீட்டுப் பரணில் பிரதி இருக்கும் என்ற நம்பிக்கையில் நடந்தார். எங்கோ ஒரு கம்ப்யூட்டரில் மட்டும் வைத்து, ஊருக்கு ஒரு பூட்டுப் போட்டுக் கொடுக்கும் பொருளுக்குப் பரண் கிடையாது. பூட்டியவர் கடையைச் சாத்திவிட்டால் எந்த ஊர்க்காரனுக்கும் இல்லை.

2025-ல் கதை மறுபடி எங்கள் வீட்டுக்கு வந்தது. 2017-ல் வந்த நிண்டெண்டோவின் 'சுவிட்ச்' கன்சோலில் பகுதிப் பூட்டு கிடையாது. அதன் அடுத்த தலைமுறையான 'சுவிட்ச் 2' 2025 ஜூன் 5-ல் வெளியானபோது ஜப்பானில் இரண்டு வகை வைத்தார்கள். பல மொழிகள் உள்ள வகைக்கு அறிவித்த விலை 69,980 யென். ஜப்பானிய மொழி மட்டும் உள்ள வகை 49,980 யென். இரண்டாவதில் ஜப்பான் என்று நாடு குறித்த கணக்கை மட்டுமே இணைக்கலாம். உள்ளூர்க்காரர்களுக்கு மலிவாகக் கொடுக்க வேண்டும். வெளியூர்க்காரர்கள் அதை அள்ளிக்கொண்டு போகவும் கூடாது. அதற்குப் பின்னும் வேண்டாம், சிப்பும் வேண்டாம், மொழியே போதும் என்று முடிவு செய்துவிட்டார்கள். நாற்பது வருடத்தில் பூட்டு வந்து சேர்ந்த இடம் இது.

அந்த அறிவிப்பு வந்த ஏப்ரலில் மகன் பதினொன்றாம் வகுப்பில் இருந்தான். மீசை அரும்பியிருந்தது. செய்தியைப் படித்துவிட்டு வந்து, "அப்பா, நமக்கு ஜப்பான் மாடலே போதும். 20,000 யென் மிச்சம்" என்றான்.

"மறுபடி டோக்கியோவுக்குக் குடி போகணுமா? வேண்டாம்டா. அதோட, அத்தனையும் ஜப்பானிய மொழி."

அவன் அலமாரியைக் குடைந்து அந்த நோட்டை எடுத்து வந்தான். அவன் தமிழ் அதற்குமேல் பெரிதாக வளர்ந்துவிடவில்லை. சினிமா போஸ்டர் படிப்பான், ஊருக்குப் போனால் பஸ் போர்டு படிப்பான், நான் எழுதும் இந்தப் பக்கத்தை இதுவரை படித்ததில்லை. சோபாவில் சாய்ந்துகொண்டு முதல் பக்கத்திலிருந்து எழுத்துக்கூட்டி வாசிக்க ஆரம்பித்தான். ஹை, ஆம். ஈயே, இல்லை. மொதொரு, திரும்பு.

நாங்கள் எந்த மாடலையும் வாங்கவில்லை. பன்னிரண்டாம் வகுப்பு முடியட்டும் என்று அவன் அம்மா சொல்லிவிட்டார். ஆனால் 'ட்சுக்குரு' வந்தபோது நான் பேப்பரைத் தாழ்த்திக் கவனித்தேன். ககரத்தை அழுத்தித்தான் சொன்னான்.